தோள் இடிச்சா கால் மாத்து

டிசம்பர் 14, 2025 – ஞாயிறு

அருள் அண்ணன் சென்னையிலிருந்து வந்துவிட்டான். தோளில் ஒரு துணிப்பை, மடியில் பச்சைப்பிள்ளை மாதிரி ஒரு பெட்டி. போடி வந்து சேரும்வரை பஸ்சில் அதை மடியை விட்டு இறக்கவே இல்லையாம். அம்மா ஆசையாக ஓடிவந்து, "அல்வாவாடா?" என்றது. திறந்தால் மூன்று லென்ஸ். அம்மா முகம் சுருங்கிப்போனது. என் முகம் விரிந்த விரிப்புக்கு அந்த மூன்றுமே பத்தாது.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

"தொடாம எப்படிண்ணே மாட்டுறது? விபூதி போட்டா?"

அண்ணன் சினிமாவில் கேமரா உதவியாளன். அவன் வேலை பார்க்கும் கேமராமேன், ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும் இடைவெளியில் தன்னுடைய பழைய சினிமா லென்ஸ்களைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். எனக்காக. என் முதல் டாக்குமெண்டரிக்காக! கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற, லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிற, விடுதி வார்டன் செருப்பை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட கார்த்திகாவுக்காக. அந்த மனிதருக்கு என்னைப் பற்றி அண்ணன் எதையுமே சொல்லவில்லை போல.

ஒரே ஒரு நிபந்தனை. இருபத்தொன்பதாம் தேதி அண்ணன் திரும்பும்போது இரண்டு லென்ஸ் அவனோடு போய்விடும். ஒன்று மட்டும் பொங்கல்வரை என்னிடம் இருக்கும். எது என்று நானே சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெயர் வைத்துவிட்டேன். 25 மில்லிமீட்டர், பக்கத்தில் போனால் மூக்கைப் பூசணிக்காயாக்கும் அகல லென்ஸ் — கோமாளி. 85, எட்ட நின்று எட்டிப் பார்ப்பது — எட்டிப்பாப்பான். 50, நம் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ கிட்டத்தட்ட அப்படியே காட்டுவது, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை — தயிர்சாதம்.

தயிர்சாதம் நிச்சயம் சென்னைக்குத்தான்.

டிசம்பர் 15

கோமாளியை மாட்டி அம்மாவின் மூக்கை மட்டும் எடுத்து, குடும்ப வாட்சப் குழுவில் 'போடிமெட்டு, இன்றைய காட்சி' என்று போட்டேன். மத்தியானச் சோறு ரத்து.

டிசம்பர் 17

இன்று எட்டிப்பாப்பானுக்குச் சோதனை.

என் படம் எட்டுப் பெண்களைப் பற்றியது. எங்கள் ராசிங்காபுரத்திலிருந்து தினமும் ஒரே ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இறங்குகிறவர்கள். இரண்டு வருடமாக ஒயிலாட்டம் ஆடுகிறார்கள். மாட்டுப் பொங்கலுக்கு ஊர் மந்தையில் இதுவரை ஆண்கள் செட்டு மட்டும்தான் ஆடும். இந்த வருடம் முதல்முறையாக இவர்களுக்கும் இடம். "பொம்பளைக ஆட்டத்தைப் பாக்கத்தானே போறோம்" என்று டீக்கடையில் ஒரு மாதிரி இழுத்துச் சொல்கிறார்களாம். அதற்காகவே ஒரு கால் பிசகக்கூடாது.

சாயங்காலம் களத்தில் பழகுகிறார்கள். ஏலக்காய் உச்சியில் காய்க்காது. தூரோடு ஒட்டி, மண்ணில் சரம் விட்டுக் காய்க்கும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு கும்பிடு போட்டால்தான் காய். நாளெல்லாம் அப்படி மடிந்து கிடந்த முதுகுகள், ஜீப்பை விட்டு இறங்கி, சலங்கை கட்டி, கைத்துண்டை உதறி நிமிர்கிறபோது — எப்படி எழுதுவது? ஆளுக்கு ஒரு சாண் வளர்ந்துவிடுகிறார்கள். பகடி பண்ண வாயைத் திறந்து, திறந்த வாயோடு நின்றேன்.

வரிசையின் தலை செல்லக்கிளி அக்கா. வலது ஓரம் அவருக்கு. நாற்பது வயதிருக்கும். ஆள் கனம், கால் இறகு. தப்புச் செட்டு பொங்கலன்றுதான் வருமாம். அதுவரை அக்காவின் வாய்த்தாளம்தான். 'தந்தன' என்று ஒரு சொல் அந்த ஓரத்தில் விழுந்தால், அது எட்டுப் பேர் காலிலும் ஓடிக் கடைசி ஆள் சுப்புத்தாய் பெரியம்மாவிடம் போய் நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி.

எட்டிப்பாப்பானில் எட்டுப் பேரும் அடங்க, நான் மோட்டார் ரூம் மொட்டை மாடிக்கு ஏற வேண்டியதாயிற்று. முகம் முகமாக எடுத்தால் அத்தனையும் அம்மன் முகம். மொத்தமாக எடுத்தால் சீட்டுக்கட்டு — ஒருத்தர் மேல் ஒருத்தர் ஒட்டிக்கொள்கிறார்கள்.

"ஏ கார்த்தி! அங்கன என்னடி கொரங்கு மாதிரி குந்தியிருக்க? படம் எடுக்கிறியா, வேவு பாக்கிறியா?" என்று சுப்புத்தாய் பெரியம்மா கீழேயிருந்து கத்தியது.

அண்ணனுக்கு மட்டும் பரம திருப்தி. "இதான் புள்ள சினிமா. அவுகளுக்கே தெரியாம அவுகளை எடுக்கணும்."

அவர்களுக்குத் தெரியாமல் எடுத்ததில் பெரியம்மா முதுகு சொறிவதுதான் மிகத் தெளிவாக வந்திருக்கிறது.

டிசம்பர் 19

கோமாளி! கோமாளி! என் ராசா!

கொஞ்சம் பின்னால் போனதும் எட்டுப் பேர், களம், புளியமரம், பின்னால் மலை எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. இதுதான் என் லென்ஸ். முடிவாகிவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ரோஜா வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். எட்டுப் பேரில் சின்னவள் ரோஜா, என்னைவிட மூன்று வயது மூப்பு. எல்லாரும் தரையில் உட்கார்ந்து, முறுக்கும் காப்பியுமாக ஒரே கொண்டாட்டம். நடுவில் நின்றவர்கள் சரியாகத்தான் தெரிந்தார்கள். கேமராவுக்குக் கிட்ட இருந்த ஓரத்தில் நின்ற செல்லக்கிளி அக்கா மட்டும் அகன்று, ஒரு புஜம் திரையில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு...

என் வாய் சும்மா இருக்குமா?

"ஏய், இது அக்கா இல்லடி! லோடு ஜீப்பு சலங்கை கட்டிக்கிட்டு வருது!"

வீடே அதிர்ந்தது. ரோஜாவுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. செல்லக்கிளி அக்காவும் சிரித்தார். "போடி போக்கிரி" என்றார். "நான் ஏற்கெனவே போடியிலதாக்கா இருக்கேன்" என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு அலை.

இப்போது எழுதும்போதுதான் ஒன்று உறுத்துகிறது. எல்லாருக்கும் முந்திச் சிரிப்பை நிறுத்தியது அவர்தான். முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டார்.

விடு. விளையாட்டுதானே?

டிசம்பர் 20

ஒயிலாட்ட வரிசையா, ரேஷன் கடை வரிசையா? ரேஷன் கடையில் முன்னால் நிற்கத்தான் சண்டை. இங்கே நடுவில் நிற்க.

"நான் பெரியவ. எனக்கு நடு" என்றது சுப்புத்தாய் பெரியம்மா.

"நேத்து வரைக்கும் ரோஜாவுக்கும் எனக்கும் ஒரே வயசுன்னு சொன்னீக?" என்றார் இன்னொருத்தர்.

"அது வேற சோலிடி. இது படம்!"

ஓரத்துக்கு ஆளில்லை. செல்லக்கிளி அக்கா பேசாமல் வந்து நடுவில் நின்றுகொண்டார். ரோஜாவைத் தலைக்குப் போகச் சொன்னார். அப்புறம் நடந்தது ஆட்டமா? வலது போக வேண்டியவர் இடது போய், இடது வந்தவர் மேல் மோதி, ஒருவர் கைத்துண்டு இன்னொருவர் கண்ணில் பட்டு, எட்டுப் பேர் எட்டுத் திசை. நேற்றுவரை ஓடிய தண்ணீர் இன்று குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கிறது. மூன்று முறை ஆரம்பித்தார்கள். மூன்றும் வீண்.

செல்லக்கிளி அக்கா குனிந்து சலங்கையை அவிழ்த்தார்.

"பாட்டு மட்டும் சொல்லித் தாரேன். ஆட்டத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க" என்றார். கோபமே இல்லாத குரல். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 22

செல்லக்கிளி அக்கா இன்றும் பழக வரவில்லை. தலைவலியாம்.

ரோஜா என்னை ஓரம் கட்டினாள். "ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி."

"லென்ஸ் பொய் சொன்னதுக்கு நான் என்ன செய்ய?"

"அது பொய் சொல்லுச்சு. நீ அதுக்குச் சாட்சி சொன்னேல்ல?"

நேராக வீட்டுக்கு வந்தேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சினிமாவில் அகல லென்ஸைக் கிட்டக் கொண்டுபோனால் கதாநாயகியை ஓரத்தில் நிறுத்தவே மாட்டார்களாம். அது எல்லாரும் அறிந்ததாம். "இதை ஏன் முன்னாலயே சொல்லல?" என்றேன். "நீ கேட்டியா? பேரு வைக்கிறதுல பிஸியா இருந்தே" என்றான்.

டிசம்பர் 23

யோசனை உதித்தது. வீட்டிலிருந்த ஒரே மாதிரி பிளாஸ்டிக் குடங்கள், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியவை, எல்லாவற்றையும் களத்தில் வரிசையாக அடுக்கிக் கோமாளியால் எடுத்தேன். ஓரத்துக் குடம் அண்டாவாகிவிட்டது. ஆதாரம் கையில்! போனில் ஏற்றிக்கொண்டு செல்லக்கிளி அக்கா வீட்டுக்கு ஓடினேன். துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கக்கா. எல்லாம் ஒரே குடம். ஓரத்துல வச்சா ஊதிருது. தப்பு ஒங்க மேல இல்ல, லென்ஸ் மேல."

பார்த்தார். புன்னகைத்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கொடத்துக்கு மனசு இல்ல பாப்பா" என்றார். "நாலு பேரு சிரிச்சாலும் அது அப்படியே இருக்கும்."

சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் குடத்துக்கு வக்காலத்து வாங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 24

இன்று நடந்ததை வெரசா எழுதிவிட வேண்டும். ஆறிவிடக் கூடாது.

விடியுமுன் ஜீப்பில் ஏறிவிட்டேன். தோட்டத்தில் அவர்கள் வேலை செய்வதைப் படம் எடுக்க. கோமாளியை அண்ணன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான். 'நீ திருந்துற வரைக்கும் தர மாட்டேன்' என்றான். எட்டிப்பாப்பானை ஜீப்புக்குள் எங்கே வைத்து எட்டிப் பார்ப்பது? ஆக, கேமராவில் தயிர்சாதம்.

"எடம் இல்ல ஆத்தா. உடம்பை வீட்டுல வச்சுட்டுத் தோளை மட்டும் கொண்டா" என்றார் டிரைவர் உக்கிரபாண்டி அண்ணன். நிஜமாகவே அவ்வளவுதான் இடம். எதிரெதிராக இரண்டு பலகை. போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது ஒரு வரிசை என்றெல்லாம் இல்லை. யார் யார் பக்கத்தில் என்பது நிரந்தரம். ஏறுகிற இடத்தின் வரிசை அது. முதலில் ஏறுகிற சுப்புத்தாய் பெரியம்மா உள்ளே டிரைவர் முதுகோடு. ஊர்க்கோடியில் கடைசியாக ஏறுகிற செல்லக்கிளி அக்கா ஜீப்பின் பின்வாசலை அடைக்கும் பின்பலகையோரம். என்னைப் பெரியம்மாவுக்கும் தூக்குவாளிகளுக்கும் நடுவில் செருகினார்கள்.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தார்கள். ரோஜா காலால் மெல்லத் தட்டினாள். அந்தத் தாளத்தை யாரும் எடுக்கவில்லை. நிறுத்திவிட்டாள்.

"எப்பவும் இப்படித் தட்டிக்கிட்டேதான் வருவீகளா?" என்று கிசுகிசுத்தேன்.

"இதுக்குள்ளதான்டி ஆட்டமே பழகுனோம்" என்றது பெரியம்மா. "எறங்குனா தோட்டத்துச் சோலி, வீட்டுக்குப் போனா வீட்டுச் சோலி. நடுவுல இந்த ஜீப்புதான் எங்களுக்கு. கையைத் தூக்க எடமில்ல, காலு மட்டும்தான். இருட்டுல காலும் தெரியாது. தோள் இடிச்சா கால் மாத்து. அம்புட்டுத்தான் பாடம்."

"மொத இடி யாரு இடிப்பாக?"

பெரியம்மா பின்பலகைப் பக்கம் பார்த்தது.

தோட்டத்தில் ஒரே மூட்டம். எடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. திரும்பி இறங்கும்போது நடந்தது.

வெயில் சாய்ந்து ஜீப்புக்குள் மஞ்சளாக விழுந்தது. எல்லாரும் பாதித் தூக்கம். பின்பலகையின் கொக்கி தளர்ந்து 'டகடக, டகடக' என்று ஆடிக்கொண்டே வந்தது. சத்தம் பொறுக்காமல் செல்லக்கிளி அக்கா அதன்மேல் கையை வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது. நான் கேமராவை உயர்த்தினேன், சும்மாதான். அந்த நெரிசலில் தயிர்சாதத்தின் கண்ணுக்கு ஒரு முகமும் பக்கத்து ஆளின் ஒரு தோளும்தான் அடங்கின. சனியனே, இவ்வளவுதான் தெரியுமா என்று மனதுக்குள் திட்டினேன்.

அப்போது அந்தக் கை — ஏலக்காய்க் கறை படிந்து நுனி கறுத்த விரல்கள் — பலகை விட்ட இடத்திலிருந்து தாளத்தை எடுத்தது. டகடக. அவர் வெளியே மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

அடுத்து இருந்த ரோஜாவின் தோள் அசைந்தது. கண் மூடியபடியே. கேமராவை நகர்த்தினேன். ஒரு முகம், ஒரு தோள். அந்தத் தோள் அடுத்ததை இடிக்க, அடுத்த முகம், அடுத்த தோள். ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்க, அது ஒவ்வொருவராக ஜீப்பைச் சுற்றி வந்தது. எல்லார் கால்களும் தகரத்தில் தட்ட ஆரம்பித்தன. கடைசியில் பெரியம்மாவின் தோள் என்னை இடித்தது. மடேர் என்று.

"மாத்துடி!" என்றது பெரியம்மா, கண்ணைத் திறக்காமலே.

நான் மாற்றவில்லை. எந்தக் காலில் இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 26

வாயில் கைத்துண்டைக் கட்டிக்கொண்டு ரோஜா வீட்டுக்குப் போனேன். நிஜமாகத்தான். பூட்டு கிடைக்கவில்லை, இது கிடைத்தது. மற்றவர்கள் இருந்தார்கள். செல்லக்கிளி அக்காவையும் ரோஜா எப்படியோ கூட்டி வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார்.

பேசாமல் டிவியில் போட்டேன். கை. டகடக.

"இது யாரு கை?" என்றார் அக்கா.

"ஒங் கைதாக்கா" என்றாள் ரோஜா.

"எங் கையா?" தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தாளம் தோள் தோளாகப் போய் முடிந்தது. என் மேல் இடி விழுந்து படம் குலுங்கியதும் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "திரும்பப் போடு" என்றார்.

மூன்றாம் முறை ஓடும்போது சுப்புத்தாய் பெரியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டது. "அடியே கூறுகெட்ட செறுக்கிகளா! நாம களத்துல நின்னதே இப்படி ஜீப்புல ஒக்கார்ற வரிசையிலதான்டி. நடுவுக்கு ஆசைப்பட்டுக் கலைச்சுப்புட்டோம். அப்புறம் எந்தத் தோளுல இருந்து எதை வாங்குறது?"

யாருக்கும் அது அதுவரை தெரியாது. இரண்டு வருடமாக நின்றிருக்கிறார்கள், ஏன் அப்படி நின்றோம் என்று யோசித்ததில்லை. எட்டுப் பேர் ஆட்டத்தைக் காலில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் இடையில் வைத்திருக்கிறார்கள்.

செல்லக்கிளி அக்கா எழுந்தார். "கொண்டா அந்தச் சலங்கையை."

"நடுவுலயாக்கா?" என்றாள் ரோஜா.

"ஓரத்துலதான். குண்டாத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. இந்தக் கையை நடுவுல கொண்டுபோய் வச்சா எவளுக்குக் கேக்கும்?" என்னிடம் திரும்பினார். "வாயை அவுத்துரு பாப்பா. மூச்சு முட்டி நீ செத்துட்டா அந்தப் பழியும் எம் மேல விழும்."

அவிழ்த்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். விளையாட்டு இல்லாமல், குடம் இல்லாமல். அது இங்கே வேண்டாம்.

டிசம்பர் 28

"எதை விட்டுட்டுப் போக? கோமாளியைத்தானே?" என்றான் அண்ணன்.

"தயிர்சாதம்."

காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "எண்பத்தஞ்சு வச்சுக்க புள்ள. முகம் அள்ளும். அம்பதுல எட்டுப் பேரு ஒண்ணா வர ரொம்பத் தள்ளிப் போகணும்."

"தள்ளிப் போகல. கிட்டப் போனா ரெண்டு பேருதான் வருவாக. ரெண்டு பேரு போதும்ணே. அவுகளும் அப்படித்தான் ஆடுறாக. எட்டுப் பேரையும் ஒண்ணாப் பாக்கிறது நாமதான். அவுக பக்கத்து ஆளை மட்டும்தான் பாக்கிறாக."

அண்ணன் மற்ற இரண்டையும் துடைத்துப் பெட்டியில் வைத்தான். "அப்ப நீயும் அவுகளோட நகரணும். ஒரு எட்டு முன்ன பின்ன ஆனாலும் ஃபோகஸ் போயிரும். நிப்பியா?"

"ஆடுவேன்."

கோமாளிக்கு மட்டும் ஒரு முத்தம் கொடுத்து அனுப்பினேன். கண்ணாடியில் உதட்டு அடையாளம். அண்ணன் கத்திய கத்தலில் குரங்கணி மலைக் குரங்கெல்லாம் கேரளாவுக்குப் போயிருக்கும்.

ஜனவரி 6, 2026

பக்கவாட்டில் நடக்கப் பழகுகிறேன். வாய்க்காலில் விழுந்தேன். கேமரா நனையவில்லை, நான் நனைந்தேன். சரியான வரிசைதான்.

இரண்டு கைத்துண்டை முடிச்சுப் போட்டு ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பெரியம்மா பிடித்துக்கொள்கிறது. துண்டு தொய்ந்தால் கிட்ட வந்துவிட்டேன், இறுகினால் தள்ளிப் போகிறேன். அந்த நீளத்துக்கே ஃபோகஸை வைத்துவிட்டேன். "கன்னுக்குட்டியை மேய்க்கிற மாதிரி இருக்கு" என்கிறது பெரியம்மா. ம்ம்மா என்றேன்.

ஜனவரி 12

இன்று துண்டு இல்லாமலே தூரம் தெரிந்தது.

ஜனவரி 16 – மாட்டுப் பொங்கல்

ஆடிவிட்டார்கள்!

மந்தை நிறையச் சனம். ஆண்கள் செட்டு ஆடி முடித்துச் சோடா குடித்துக்கொண்டிருந்தது. தப்பு அதிர்ந்தது. செல்லக்கிளி அக்கா வலது ஓரத்தில், இலைப்பச்சைச் சேலை, கையில் மஞ்சள் துண்டு. கூட்டத்தைப் பார்க்கவில்லை. தன் தொடையில் விரலால் ஒருமுறை தட்டிக்கொண்டார். டகடக. அதை எடுத்துவிட்டேன்! பிறகு 'தந்தன'.

அங்கிருந்து கிளம்பினேன். அக்கா, ரோஜா. ரோஜா, அடுத்தவர். இரண்டு இரண்டு பேராக. சுற்றி யார் விசில் அடித்தார்கள், யார் வாயைப் பொத்திக்கொண்டார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தோள் சொல்வதும் ஒரு தோள் கேட்பதும்தான். டீக்கடையில் இழுத்துப் பேசியவர் கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றினாராம். அம்மா சொன்னது. அம்மா அழுதிருக்கிறது. கேட்டால் மாட்டுச் சாம்பிராணிப் புகையாம்.

ஜனவரி 20

படத்தை அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். போன் பண்ணினான்.  

"நல்லாருக்கு" என்றான். "அண்ணன்ங்கிறதுக்காகச் சொல்லல. லென்ஸ் குடுத்த சாரும் பாத்தாரு. அந்தம்மா தொடையில தட்டுறதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாரு."

"ம்."

"என்னடி 'ம்'? ஒனக்கு ஒடம்பு சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கேன்."

"ஒரே ஒரு எடம். கடைசியில வட்டமா வளையிறப்போ அந்தப் பெரியம்மா வந்து ஒன் மேல இடிக்குதுல்ல? ஃபிரேம் குலுங்குது. ஃபோகஸும் ஒரு கணம் போயிட்டு வருது. அதை வெட்டிரு, படம் சுத்தமாயிரும்."

"வெட்ட மாட்டேண்ணே."

"ஏன்?"

காரணம் சொல்லவில்லை. அவன் சினிமாக்காரன், விளக்கம் கேட்பான். செல்லக்கிளி அக்காவிடம் போட்டுக் காட்டியபோது அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. படம் குலுங்கிய இடத்தில், "இப்ப மாத்திட்டா" என்று ரோஜாவிடம் மெதுவாகச் சொன்னார்.

ஆமாம். இந்த முறை எந்தக் காலில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.